பெத்தது எத்தனை, நின்னது எத்தனை

(நூற்றாண்டு ஒன்றுகூடலின் காலை ஆராதனையில், மறைந்த பழைய மாணவியரை நினைவுகூர்ந்த வேளையில் ஆற்றிய உரை)



மறைந்த மாணவியரின் பெயர்கள் இப்போது வாசிக்கப்பட்டன. ஒவ்வொரு பெயரையும் கேட்கும்போது ஒரு முகம் நம் கண்முன் வந்தது. நம்மோடு ஒரே வாங்கில் இருந்தவர்கள், ஒரே குடைக்குள் மழையில் நடந்து வந்தவர்கள். அவர்களுக்காக ஆண்டவருக்கு நன்றி செலுத்துகிறோம்.

ஆனால் எந்தப் பட்டியலிலும் வராத ஒரு கூட்டம் உண்டு. இந்த மண்டபத்தில் இருக்கும் எத்தனையோ தாய்மார் பெற்று, மண்ணுக்குக் கொடுத்த பிள்ளைகள் அவர்கள். சிலர் வயிற்றிலேயே இறந்தவர்கள். சிலர் ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் இருந்து போனவர்கள். அவர்களைப் பற்றியும் அவர்களுடைய தாய்மாரைப் பற்றியும் இன்று பேசலாம் என்று செயற்குழுவிடம் அனுமதி கேட்டேன். விழா நாளில் இதைப் பேசலாமா என்று சிலர் நினைக்கலாம். இதைப் பேசுவதற்கு வேறு நாள் நமக்குக் கிடைத்ததில்லை என்பதே என் பதில்.

உடப்புசல்லாவையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் குடும்பநல மாதுவாகப் பல வருடங்கள் வேலை செய்தவள் நான். லயம் லயமாகப் போய்த் தாய்மாரைப் பதிவது என் வேலை. "எத்தனை பிள்ளைகள்?" என்று இளம் பெண்களிடம் கேட்டால், உயிரோடு இருக்கிற பிள்ளைகளின் கணக்கை மட்டும் சொல்வார்கள். வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமாரிடம் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். "பெத்தது ஏழு, நின்னது நாலு" என்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய்மார் கணக்கில் ஒரு பிள்ளையையும் விடவில்லை. அறுபது வருடத்துக்கு முன் போன பிள்ளைக்கும் அந்தக் கணக்கில் இடம் இருந்தது.

அந்தக் காலத்தில் பிள்ளைச் சாவு இல்லாத வீடு குறைவு. 1946 இல் இலங்கை முழுவதிலும், பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 140 பேர் ஒரு வயது நிறையுமுன் இறந்தார்கள். தோட்டப் பகுதியின் நிலை நாட்டின் மற்றப் பகுதிகளை விட மோசமாகவே நெடுங்காலம் இருந்தது. ஒரே காம்பராவில் அடுப்புப் புகை, குளிர், ஈரம். போதிய உணவில்லாத தாய். பாதை மோசமான மலை. தேயிலைக்குள்ளேயே புதைக்கப்பட்டு, ஒரு கல்லும் இல்லாமல் போன நம் முன்னோரைப் பற்றிக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை எழுதினார். பெரியவர்களுக்கே கல் இல்லாத இடத்தில் தொட்டில் பிள்ளைக்கு யார் கல் வைப்பது?

இன்று தேவ கிருபையாலும், மருத்துவத்தாலும், பெண்கள் படித்ததாலும் நிலைமை மிகவும் மாறிவிட்டது. நாட்டில் ஆயிரத்துக்குப் பத்துக்கும் குறைவான குழந்தைகளே இன்று ஒரு வயதுக்குள் இறக்கிறார்கள். நன்றி சொல்ல வேண்டிய விஷயம் இது. ஆனால் இதில் ஒரு வேதனையும் உண்டு. முன்பு பக்கத்துக் காம்பரா அக்காவுக்கும் அதே துக்கம் இருந்தது. சேர்ந்து அழ ஆள் இருந்தது. இன்று பிள்ளையை இழந்த தாய், லயத்திலேயே தனக்கு மட்டுந்தான் இப்படி நடந்தது என்று நினைக்கிறாள்.

நடப்பதை நினைத்துப் பாருங்கள். வைத்தியசாலையில் துணியில் சுற்றித் தகப்பன் கையில் கொடுப்பார்கள். ஆண்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து போய் அடக்கம் செய்துவிட்டு வருவார்கள். தாய் பார்த்திருக்கவே மாட்டாள். வெறுங்கையோடு வீட்டுக்கு வருவாள். மூன்றாம் நாள் பால் சுரக்கும். பிள்ளை இல்லை என்பது உடம்புக்குத் தெரியாது. மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சல் வரும். மல்லிகைப் பூ வைத்துக் கட்டிவிடுவார்கள் பெரியவர்கள். தைத்து வைத்த சின்னச் சட்டைகளை யாரோ எடுத்து ஒளித்துவிடுவார்கள். பிறகு எல்லோரும் அதைப் பற்றிப் பேசாமலே இருந்துவிடுவார்கள்.

பேசினாலும் என்ன பேசுகிறோம்? "விடும்மா, அடுத்த வருஷம் ஒண்ணு பொறக்கும்." "மொகம் பார்த்துப் பழகாமப் போனதே நல்லது." சபைக்குப் போகிற நாம் இன்னும் கொஞ்சம் சேர்த்து, "கர்த்தருக்குச் சித்தம், அழக் கூடாது" என்கிறோம். அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் இவற்றில் எதையும் வேதம் சொல்லவில்லை.

யோபுவின் சரித்திரத்தைப் பாருங்கள். அவன் இழந்ததையெல்லாம் கர்த்தர் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தார். ஆடு 7,000 இருந்தது, 14,000 ஆயிற்று. ஒட்டகம் 3,000 இருந்தது, 6,000 ஆயிற்று. எருதுகளும் கழுதைகளும் அப்படியே. பிள்ளைகள்? முன்பு ஏழு மகன்மார், மூன்று மகள்மார். பின்பும் ஏழு மகன்மார், மூன்று மகள்மார்தான். ஏன் இருபதாகவில்லை? வேதத்தை ஆராய்ந்த பழைய பெரியவர்கள் ஒரு விளக்கம் சொல்வார்கள்: ஆடுகள் செத்தால் போயின, பிள்ளைகள் செத்தாலும் போகவில்லை. முதல் பத்துப் பேரும் கர்த்தரிடத்தில் இருக்கிறார்கள். பின்பு வந்த பத்துப் பேரையும் சேர்த்தால் இரண்டு மடங்கு சரியாகிவிடுகிறது.

நம் பாட்டிமாரின் கணக்கும் இதுவேதான். பெத்தது ஏழு என்றால் ஏழுதான். அடுத்த பிள்ளை பிறப்பது பெரிய ஆசீர்வாதம். ஆனால் அது போன பிள்ளையின் இடத்தை நிரப்ப வந்ததல்ல. அது தன்னுடைய இடத்துக்கு வருகிறது.

சூனேம் ஊர்ப் பெண்ணையும் நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் தலைவலி என்று வந்த மகன், மத்தியானம் வரை தாயின் மடியில் இருந்து இறந்துபோனான். அவள் எலிசா தீர்க்கதரிசியிடம் விரைந்து போய், அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். வேலைக்காரன் கேயாசி அவளைத் தள்ளிவிடக் கிட்டே வந்தான். எலிசா தடுத்தார். அவளை விட்டுவிடு, அவள் உள்ளம் கசந்துபோயிருக்கிறது, ஏன் என்பதைக் கர்த்தர் எனக்கு மறைத்துவிட்டார் என்ற கருத்தில் சொன்னார். எவ்வளவு பெரிய தீர்க்கதரிசி! எனக்குத் தெரியாது என்று சொல்ல அவருக்கு வெட்கமில்லை. நமக்கும் காரணம் தெரியாது. தெரிந்ததுபோலப் பேசுகிறவன் கேயாசி. காலைப் பிடித்து அழ விடுகிறவர் எலிசா. நாம் யாராக இருக்கப் போகிறோம்?

இன்னும் ஒரு பாரம் தாய்மாரின் நெஞ்சில் இருக்கும். "நான் என்ன பாவம் செய்தேன்?" தாவீதின் குழந்தை இறந்த கதையைப் படித்துவிட்டு, எனக்கும் அப்படித்தானோ என்று நடுங்கிய தாயை நான் கண்டிருக்கிறேன். அது தாவீதுக்கு மட்டும் தீர்க்கதரிசியின் வாயால் சொல்லப்பட்டது. அதை எடுத்து உங்கள் மேல் போட எவருக்கும் உரிமையில்லை. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றே நம் ஆண்டவர் சொன்னார். கொழுந்துக் கூடை சுமந்ததாலோ, சந்திரகிரகணத்தன்று வெளியே வந்ததாலோ, மாமியாரோடு சண்டை போட்டதாலோ தேவன் உங்களைத் தண்டிக்கவில்லை. உங்களைக் குற்றம் சாட்டுகிற சத்தம் எதுவும் அவருடையதல்ல.

தாவீதின் கதையில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது அவனுடைய கடைசி நம்பிக்கை. பிள்ளை இனி தன்னிடம் திரும்பி வராது, தானே ஒருநாள் பிள்ளையிடம் போவேன் என்று அவன் அறிந்திருந்தான். பிரிவு உண்மை, அது முடிவல்ல.

ஞானஸ்நானம் பெறாமல் போன பிள்ளையின் கதி என்ன என்று என்னிடம் மெதுவாகக் கேட்டவர்கள் பலர். அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே புதைத்த காலமும் இருந்தது. மார்ட்டின் லூத்தரும் அவர் மனைவி கத்தரீனாவும் தங்கள் எட்டு மாத மகள் எலிசபெத்தை 1528 இல் இழந்தவர்கள். 1542 இல் லூத்தர், கர்ப்பத்திலோ பிரசவத்திலோ பிள்ளையை இழந்த பெண்களுக்கென்றே ஓர் ஆறுதல் சிறுநூல் எழுதினார். அந்தத் தாயைக் கடிந்துகொள்ளாதீர்கள், வார்த்தையாக வராத அவளுடைய பெருமூச்சையே தேவன் ஜெபமாக ஏற்றுக்கொள்கிறார் என்பது அதன் சாரம். கத்தோலிக்கத் திருச்சபையும், ஞானஸ்நானமின்றி இறந்த குழந்தைகளின் மீட்பை நம்பிக்கையோடு எதிர்பார்க்க நல்ல காரணங்கள் உண்டு என்று 2007 இல் வெளிவந்த தன் இறையியல் குழுவின் ஆவணத்தில் சொன்னது. சபைகள் வேறானாலும் நம்பிக்கை ஒன்று. சிறு பிள்ளைகளைத் தடுத்தவர்கள் மேல் கோபப்பட்டு, அவர்களை அணைத்துக்கொண்ட இயேசு, உங்கள் பிள்ளையை வாசலில் நிறுத்தமாட்டார்.

நம்மோடு படித்த சைவத் தோழியரும் முஸ்லிம் தோழியரும் இங்கே இருக்கிறீர்கள். இது என் விசுவாசம். அதைச் சொல்லத்தான் எனக்குத் தெரியும். கண்ணீர் நம் எல்லோருக்கும் ஒன்று.

துக்கம் ஒருநாள் மற்றவர்களுக்கு உதவியாகவும் மாறலாம். அமெரிக்காவிலிருந்து 1819 இல் மருத்துவ ஊழியத்துக்காக இலங்கைக்குப் புறப்பட்ட ஜோன் ஸ்கடர் தம்பதியினர், வழியில் கல்கத்தாவிலேயே தங்கள் சின்ன மகளை அடக்கம் செய்துவிட்டுத்தான் யாழ்ப்பாணம் வந்தார்கள். அவர்களுடைய பேத்திதான் ஐடா ஸ்கடர். ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் வைத்தியரின்றி இறந்ததைக் கண்டு மருத்துவம் படித்தார். வேலூரில் 1902 இல் வைத்தியசாலையும், 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பாடசாலையும் அவரால் எழுந்தன. எல்லோரும் வைத்தியசாலை கட்ட முடியாது. பக்கத்துக் காம்பராவுக்குப் போய் உட்கார எல்லோராலும் முடியும்.

போனால் என்ன செய்யலாம்? அதிகம் பேச வேண்டாம். பிள்ளைக்குப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். தாய் பார்க்க விரும்பினால் பார்க்க விடும்படி உறவினருக்குச் சொல்லுங்கள். கஞ்சி வைத்துக் கொடுங்கள், மற்றப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிவிடுங்கள். தகப்பனை மறக்காதீர்கள், அவன்தான் குழி வெட்டியவன், அவனிடம் யாரும் கேட்பதில்லை. வருடம் திரும்பும் நாளில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பிள்ளை உயிரோடு பிறக்காவிட்டாலும் தாய்க்கு ஆறு வார விடுமுறையும் கொடுப்பனவும் உண்டு. 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது தோட்டத் தொழிலாளப் பெண்ணின் உரிமை. அது தெரியாமல் பத்தாம் நாளே மலைக்குப் போனவர்கள் உண்டு, எடுத்துச் சொல்லுங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல், சாவைப் பற்றியே பேசினால் தனியே விடாதீர்கள். வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு அழைக்கலாம். வைத்தியரிடம் போவது விசுவாசக் குறைவல்ல.

லாசருவை உயிரோடு எழுப்பப் போவது தெரிந்திருந்தும் இயேசு அழுதார். நம்பிக்கை உள்ளவர்களும் அழலாம் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

மண்டபத்தின் பின்புறம் மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். விரும்புகிற தாய்மார் தங்கள் பிள்ளையின் பெயரை அதில் எழுதுங்கள். பெயர் வைக்கவில்லை என்றால் "என் பிள்ளை" என்று எழுதுங்கள். வருடத்தை மட்டும் எழுதினாலும் போதும். மாலை ஆராதனையில் அந்தக் கொப்பி பீடத்தில் வைக்கப்படும். குடியுரிமைச் சட்டம் வந்த 1948 இலிருந்து, பட்டியலில் பெயர் இல்லாமல் வாழ்வது என்னவென்று அறிந்த சமூகம் நாம். நம் பிள்ளைகளையாவது நாம் விட்டுவிடக் கூடாது.

ஜெபிப்போம். பரம பிதாவே, எங்கள் கையில் கொஞ்ச நேரம் தந்த பிள்ளைகளுக்காக உமக்கு நன்றி. எங்களுக்குக் கேட்க வாய்க்காத அவர்களுடைய குரலை நீர் கேட்கிறீர். வெறுங்கையோடு வீடு திரும்பிய ஒவ்வொரு தாயையும் தகப்பனையும் தேற்றும். அவர்கள் அருகில் உட்கார எங்களுக்குப் பொறுமை தாரும். நாங்கள் எல்லோரும் ஒன்றாய்க் கூடும் நாள்வரை எங்கள் பிள்ளைகளை உமது மடியில் வைத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.