ட்ராயிங் பீரியடு சும்மா பீரியடு இல்லை

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியது)

எனக்கு மைக்கில் பேசிப் பழக்கமில்லை. தீர்மான நோட்டில் எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். தலைவி அக்கா, "உன் வீட்டுக் கதையைச் சொல்லு, போதும்" என்றார்கள். அதனால் நிற்கிறேன்.

என் மகள் ஒன்பதாவது படிக்கும்போது கணக்கு நோட்டின் பின்பக்கமெல்லாம் மயில், மாங்காய், கொடி என்று படமாகவே இருக்கும். கணக்கில் மதிப்பெண் குறைந்து வந்த அன்று, அவள் தனியாக வைத்திருந்த படநோட்டை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டேன். அவள் அழவில்லை. அதற்குப் பிறகு அவள் படம் வரைந்து நான் பார்க்கவும் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து எங்கள் குழு ஆரி வேலை ஜாக்கெட் ஆர்டர் எடுத்தது. ஊசி போட ஆள் இருந்தது, டிசைன் வரைய ஆள் இல்லை. டவுனில் ஒருவரிடம் காசு கொடுத்து வரைந்து வாங்கினோம். அந்தக் கொடி 36 அளவுக்குச் சரியாக இருந்தது. 42 அளவு ஜாக்கெட்டில் போட்டால் முதுகில் நடுவே வெற்றிடம் விழுந்தது. ஆர்டர் கொடுத்தவங்க திருப்பிக் கொடுத்துட்டாங்க. கூலி போச்சு. மணி, நூல் வாங்கிய செலவு உள்கடனில் ஏறிச்சு.

அன்னிக்கு ராத்திரி மகள் அந்தத் தாளைப் பார்த்தாள். "நடுக்கோடு போடாம வரைஞ்சிருக்காங்கம்மா. ஒரு பாதி வரைஞ்சு தாளை மடிச்சு ஒத்தி எடுத்தா மறுபாதி சரியா வரும். அளவு கூடினா கொடியில இன்னொரு பூ சேர்க்கணும்" என்றாள். எங்கே படிச்சே என்று கேட்டேன். ஏழாம் வகுப்பு ட்ராயிங் பீரியடாம்! அந்தப் பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கிட்டா நல்லதுதான் என்று நானே சொல்லியிருக்கிறேன்.

அந்த வகுப்பில் ஒரு குடத்தை வைத்து வரையச் சொல்வார்கள். குடத்தின் வாய் வட்டம்தான். ஆனால் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் முட்டை மாதிரி நீண்டு தெரியும். கண்ணுக்குத் தெரிகிறபடி வரையக் கை பழகணும், அதுதான் பாடம். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது எடுப்பாக இருக்கும் என்பதும் பாடம். ஒரே வடிவத்தை வரிசையாக அடுக்குவதும் பாடம். மார்கழி மாசம் நாம் புள்ளி வைத்துப் போடுவதும் இந்தக் கணக்குதானே?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஓவியத்துக்கு மார்க் கிடையாது. அதனால்தான் நமக்கு அலட்சியம். ஆனால் அரசுத் தேர்வுகள் இயக்ககம் ஓவியத்துக்கும் தையலுக்கும் தனியாகத் தொழில்நுட்பத் தேர்வு வைக்கிறது. லோயர், ஹையர் என்று பேச்சில் சொல்வார்கள். பிளஸ் டூ முடித்தால் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. சென்னைக் கல்லூரி 1850-இல் தொடங்கியது. அங்கே துணி வடிவமைப்புக்கே தனிப் பட்டப்படிப்பு உண்டு. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாவிலும் ஓவியப் போட்டி இருக்கிறது. பிள்ளை பெயரைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நம்மில் எத்தனை பேர் அதில் இருக்கோம்! கூட்டத்துக்குப் போய் டீ குடிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டு வருகிறோம். அடுத்த கூட்டத்தில் கால அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ட்ராயிங் பீரியடு எந்தக் கிழமை, அது நடக்குதா, சொல்லித்தர ஆள் இருக்கா, இதைக் கேளுங்கள். ஆள் இல்லையென்றால் அதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுத்தில் இருந்தால்தான் மேலே போகும்.

என் மகள் இப்போ பிளஸ் டூ. குழு ஜாக்கெட்டுக்கெல்லாம் அவள்தான் வரைகிறாள். டவுனுக்குப் போகும் வேலை இல்லை. லோயர் தேர்வுக்கு எப்போ விண்ணப்பம் கொடுப்பாங்க என்று பள்ளிக்கூடத்தில் கேட்டு வைத்திருக்கிறேன். போன மாசம் ஒரு புது ட்ராயிங் நோட்டு வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கிட்டா. உள்ளே என்ன வரைஞ்சிருக்கா என்று இன்னும் என்கிட்ட காட்டலை.