பல செல்லும், சில செல்லாது

மொழியறிஞர் ஒருவர் அமர வேண்டிய நாற்காலியில், நிரல் எழுதிப் பிழைக்கும் என்னை ஏன் உட்கார வைக்கிறார்கள் என்று முதலில் தயங்கினேன். அமர்வின் பொருள் நிரல் மூலக் கோப்புகளின் எழுத்துக் குறியாக்கம் என்றதும் தயக்கம் போய்விட்டது. இந்தத் தலைவலி எங்களுடையதுதான்.

மூலக் கோப்பு வெறும் பைட்டுகளின் வரிசை. எந்தக் குறியாக்கத்தில் எழுதப்பட்டது என்று அது தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. 224, 174, 149 ஆகிய மூன்றையும் யூடிஎஃப்-8 என்று படித்தால் ‘க’. எழுத்துக்கு ஒரு பைட் என்று படித்தால் மூன்று குப்பை. பைத்தான் 2.7-இல் குறிப்புரைக்குள் ஒரு தமிழ்ச் சொல் இருந்தாலே நிரல் ஓடாது. முதல் இரண்டு வரிகளுக்குள் குறியாக்கத்தை அறிவித்தாக வேண்டும். ஏன் இரண்டு வரி? யூனிக்ஸில் முதல் வரியை, நிரலை எதைக் கொண்டு ஓட்டுவது என்று சொல்லும் அறிவிப்பு பிடித்து வைத்திருக்கக்கூடும். 2008-இல் வந்த பைத்தான் 3 யூடிஎஃப்-8-ஐ இயல்பாக்கியது. ஜாவா 2022-இல்தான், 18-ஆம் பதிப்பில், அந்த இடத்துக்கு வந்தது.

அத்துடன் சிக்கல் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்காக இன்னொன்று. 1992-இல் யூடிஎஃப்-8-ஐ வடிவமைத்தவர்கள் கென் தாம்சனும் ராப் பைக்கும். பின்னாளில் ‘கோ’ மொழியை உருவாக்கிய மூவரில் இருவர் அவர்களே. அம்மொழியின் மூலக் கோப்பு யூடிஎஃப்-8-இல் மட்டுமே இருக்க முடியும். அதில் ‘பல’ என்று ஒரு மாறிக்குப் பெயர் வைத்துப் பாருங்கள், ஏற்றுக்கொள்ளும். ‘சில’ என்று வையுங்கள்; பெயரில் செல்லாத குறி இருக்கிறது என்று கொக்கியைச் சுட்டிக்காட்டி நிறுத்திவிடும். பெயரில் எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டுமே வரலாம் என்பது அதன் இலக்கணம். யூனிகோடின் வகைப்பாட்டில் புள்ளியும் கொக்கியும் காலும் எழுத்தல்ல, ஒட்டுக்குறிகள். ‘அம்மா’வுக்கே அங்கே இடமில்லை!

இது கவனக்குறைவு அல்ல. ஒட்டுக்குறிகளை வேண்டுமென்றே விலக்கியதாகவும், தேவநாகரி போன்ற எழுத்துகள் அதனால் பாதிக்கப்படுவதாகவும் கோ குழுவே எழுதியிருக்கிறது. பார்வைக்கு ஒன்றான பெயரை இரண்டு விதமாக எழுத முடியும் என்பதுதான் அவர்களுடைய அச்சம்; அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்திலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய ஒரு சொற்பட்டியலில் ‘கொடி’ இரண்டு முறை வந்தது. திரையில் ஒரு புள்ளி வேறுபாடு கிடையாது. ஒன்றில் ஒகரக் குறி ஒரே குறியீடு. மற்றதில் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனி. அன்று இரவு முழுக்க என் கண்ணைத்தான் சந்தேகித்தேன்.

பைத்தான் 3 இந்த இரண்டையும் மாறிப் பெயராகக் கொடுத்தால் ஒன்றாக்கிவிடும். மேற்கோளுக்குள் சரமாகக் கொடுத்தால் தொடாது; அகராதியில் இரண்டு கொடிகளும் இரண்டு சாவிகளாக நிற்கும். பாதிக் கிணறு தாண்டியது போலத்தான். ஆனாலும் கதவைச் சாத்துவதைவிட இது மேல் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள், இடைவேளையில் பேசுவோம்.

கட்டுரை படிக்கப்போகிறவர்களிடம் ஒரே கேள்வி: உங்கள் கருவிக்கு அந்த இரண்டு கொடிகளையும் கொடுத்துப் பார்த்தீர்களா? முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.