மேசை விரிப்பு: வாடகையா, சொந்தமா?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



என்னை டேபிள் கிளாத் பத்திப் பேசச் சொன்னாங்க. அதைக் கேட்டதும் ரெண்டு மூணு பேர் சிரிச்சீங்க. இதுல பேச என்ன இருக்குன்னு தோணும். 9,500 ரூபாய் நம்ம எல்லார் பணமும் அதுல இருக்கு. அதனால கணக்கு நோட்டையும் கையோட கொண்டு வந்திருக்கேன்.

போன வைகாசியில என் நாத்தனாருக்குக் கல்யாணம். ஸ்ரீரங்கத்துல மண்டபம். மாப்பிள்ளை வீட்டுல நகை, சீர் பத்தியெல்லாம் அதிகம் பேசல. பந்தி மேசைக்கு மட்டும் துணி விரிக்கணும், வெறும் பேப்பர் ரோல் நல்லா இருக்காதுன்னு சொல்லிட்டாங்க. என் மாமியாருக்குக் கோபம். "இலைக்குக் கீழ என்ன இருக்குன்னு எவன் குனிஞ்சு பாக்கப் போறான்?"னு கேட்டாங்க. அவங்க சொன்னதுலயும் நியாயம் இருக்கு. அவங்க காலத்துல பந்தின்னா தரையிலதான். பாயோ ஜமக்காளமோ விரிச்சு, இலை போட்டா முடிஞ்சது. அப்புறம் மேசை வந்தது, மேசை மேல பிளாஸ்டிக் தாள் வந்தது. 2019 ஜனவரி 1 முதல் நம்ம அரசாங்கம் தடை பண்ணின பிளாஸ்டிக் பட்டியல்ல, சாப்பாட்டு மேசையில விரிக்கிற தாளையும் பேர் சொல்லியே சேர்த்துட்டாங்க. இப்ப பேப்பர் இல்லன்னா துணி.

பந்தல்காரர்கிட்ட விலை கேட்டோம். ஆறடி மேசை 36. ஒரு மேசைக்கு மூணு பேர்னா ஒரு பந்திக்கு 108 பேர். விரிப்பு ஒண்ணுக்கு ஒரு வேளைக்கு 35 ரூபாய். முதல் நாள் ராத்திரி ரிசப்ஷன், மறுநாள் முகூர்த்தச் சாப்பாடு, ஆக ரெண்டு வேளை. மொத்தம் 2,520 ரூபாய். அது போக 3,000 ரூபாய் முன்பணம்.

எங்க வீட்டுக்காரர், "இந்தக் காசுக்குக் கொஞ்சம் மேல போட்டா சொந்தமாவே வாங்கிடலாமே, நாளைக்கு நம்ம பிள்ளைங்க விசேஷத்துக்கும் ஆகும்"னார். கேட்க நல்லாத்தான் இருக்கும். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மேசைகளை ஒட்டி ஒட்டிப் போடுறதால விரிப்புக்கு ரெண்டேகால் மீட்டர் நீளம் போதும். அகலம் அறுபது இஞ்ச். கிழிசல், கறைக்குன்னு நாலு சேர்த்து நாற்பது விரிப்பு. தொண்ணூறு மீட்டர் துணி, மீட்டர் 95 ரூபாய்னா 8,550. ஓரம் அடிக்க 800. போக்குவரத்து 150. ஆக 9,500. ஆனா ராத்திரி சாம்பார் கொட்டின விரிப்பை மறுநாள் காலைக்குள்ள துவைச்சு உலர்த்த முடியுமா? ரெண்டு செட் வேணும். அப்ப 19,000. எங்க பிள்ளைங்க விசேஷத்துக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கு. அதுவரைக்கும் அந்தத் துணி எங்க இருக்கும்? எங்க வீட்டுப் பரண்ல, எலியோட. வாடகைக்கே எடுத்தோம்.

எடுத்ததுல ஒரு மனக்குறையும் உண்டு. திருப்பிக் கொடுக்கும்போது மஞ்சக் கறைன்னு சொல்லி முன்பணத்துல 600 பிடிச்சுட்டார். கல்யாணப் பந்தியில மஞ்சக் கறை படாம வேற என்ன கறை படும்? எத்தனை கறைக்கு எவ்வளவு பிடிப்பாங்கன்னு முன்னாடியே எழுதி வாங்கிக்கணும். நீங்க வாடகைக்கு எடுத்தா இதைக் கேளுங்க.

அதுக்கப்புறம்தான் ஆடிக் கூட்டத்துல, கூட்டமைப்பே வாங்கி வாடகைக்கு விட்டா என்னன்னு பேச்சு வந்தது. தனி வீட்டுக்கு ஒத்துவராதது, இத்தனை வீடு சேர்ந்தா ஒத்துவரும்னு எல்லாரும் கை தட்டினாங்க. அங்கயும் ஒரு சிக்கல் இருக்கு. போன வருஷம் நம்ம உறுப்பினர் வீடுகள்ல நடந்த விசேஷங்களை எண்ணினோம். 31 வந்தது. ஆனா வருஷம் பூரா பரவி இல்ல. ஆடியிலயும் மார்கழியிலயும் கல்யாணமே கிடையாது. வைகாசி, ஆவணி, தைன்னு வந்தா ஒரே முகூர்த்தத்துல மூணு வீட்டுக்கு வேணும். ஒரு வீட்டுக்குத்தான் கொடுக்க முடியும், மத்த ரெண்டு வீட்டுக்கும் நம்ம மேல வருத்தம்தான் மிஞ்சும். 31ல 12 பெரிய கல்யாணம். மீதி 19 காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு மாதிரி. பதினஞ்சு மேசை, ஒரு வேளைச் சாப்பாடு. அதனால பெரிய கல்யாணத்துக்கு வழக்கம்போல வெளியில வாடகை, சின்ன விசேஷத்துக்கு நம்ம விரிப்புன்னு முடிவாச்சு. ஒரு செட் நாற்பது போதும். ஒரே நாள்ல ரெண்டு காதுகுத்து வந்தாலும் கொடுக்கலாம்.

துணிக்குக் கரூர் போனோம், நாலு பேர் ரயில்ல. வெளிநாட்டுக்காரங்க சாப்பிடுற மேசைக்கு விரிப்பு, கை துடைக்கிற துணியெல்லாம் நம்ம கரூர்லேர்ந்துதான் போகுது. குளித்தலைப் பக்கத்துப் பெண்கள் எத்தனையோ பேர் அங்க தையலுக்குப் போறாங்க. ஏற்றுமதியில மிஞ்சின விரிப்பு மலிவா இருந்தது, ஆனா எல்லாம் சதுரமும் வட்டமும். அவங்க மேசை அப்படி. நம்ம பந்தி மேசை நீளமா, ஒடுக்கமா இருக்கும். அதனால மீட்டர் துணியாவே எடுத்து, நம்ம தையல் குழுவுலயே ஓரம் அடிச்சோம். அந்த 800 ரூபாயும் நம்மகிட்டயே நின்னது. வெள்ளை எடுக்கலாம்னு ரெண்டு பேர் சொன்னாங்க. நான் சந்தன நிறம்னு பிடிவாதமா நின்னேன். சந்தனத்துல மஞ்சள் தெரியாது.

துணி வந்த அன்னிக்குக் கூட்டத்துல, "துவைக்கிறது யாரு?"ன்னு பேச்சு எழுந்தது. ஒருத்தர் சட்டுனு, "நம்ம குழுவுலதான் வெளுக்கிற வீட்டு அக்கா இருக்காங்களே, அவங்களுக்குப் பழக்கம்தானே"ன்னுட்டாங்க. கெட்ட எண்ணத்துல சொல்லல, வாய்ப் பழக்கம். கொஞ்ச நேரம் யாரும் பேசல. அந்த அக்காவே எழுந்து, "பழக்கம்தான். கூலி எவ்வளவுன்னு சொல்லுங்க"ன்னாங்க.

நான் அதை யோசிச்சுக்கிட்டே இருந்தேன். எங்க பாட்டி ஊர்ல கல்யாணம்னா பந்தல் மேல கட்ட வெள்ளைத் துணி, பெண் மாப்பிள்ளை நடந்து வர விரிக்கிற துணி, எல்லாம் அந்த வீட்டுக்காரங்கதான் வெளுத்துக் கொண்டு வருவாங்க. இன்னிக்குப் பந்தல்காரர் வாங்குற வாடகைக்கு அன்னிக்குப் பேர் கிடையாது. அறுவடைக்குக் களத்துல கொஞ்சம் நெல் அளப்பாங்க, அதோட சரி. பந்தல்காரர் 35 ரூபாய் கேட்டா நாம அதிகம்னு பேரம் பேசறோம், ஆனா அதுக்குள்ள யாரோ துவைச்ச கூலி இருக்கு. சொந்தமா வாங்கினா அந்தக் கூலி கணக்குலேர்ந்து காணாமப் போயிடும், ஏன்னா வீட்டுல ஒரு பொம்பளை சும்மா துவைப்பா. சொந்தத் துணி மலிவா தெரியறது பாதி அதனாலதான்.

அதனால விரிப்புக்கு 25 ரூபாய் வாடகைன்னா, 10 ரூபாய் துவைக்கிறவங்களுக்கு, 15 கூட்டமைப்புக்குன்னு எழுதினோம். எந்த உறுப்பினரும் அந்த வேலைக்கு முன்வரலாம்னும் எழுதினோம். அந்த அக்கா எடுத்துக்கிட்டாங்க. சோப்பும் அவங்களுதுதான். போன மாசம் இன்னொரு குழுவுலேர்ந்தும் ஒரு தங்கை கேட்டிருக்காங்க. முறை வச்சுக்கலாமான்னு ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருக்காங்க.

அவங்க சொல்லித்தான் எனக்கு ஒண்ணு தெரிஞ்சது. மஞ்சக் கறையில சோப்புப் போட்டா சிவப்பா மாறும். பயந்து இன்னும் அழுத்தித் தேய்க்காதீங்க, துணிதான் போகும். அலசி, நல்ல வெயில்ல ரெண்டு நாள் போட்டா மஞ்சள் தானா வெளிறிடும். எண்ணெய்க் கறை அப்படிப் போகாது, அதைக் காய விடாம அன்னிக்கே கவனிக்கணும். ஈரத்தோட மடிச்சா கரும்புள்ளி விழும். அது விழுந்தா விழுந்ததுதான்.

இப்ப கணக்கு. ஆவணியிலேர்ந்து கார்த்திகை முடிய ஏழு விசேஷத்துக்குப் போயிருக்கு. மொத்தம் 104 விரிப்பு, வாடகை 2,600. துவைச்ச கூலி 1,040. கூட்டமைப்புக்கு 1,560. இன்னும் 7,940 வரணும். ரெண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும்னு முதல்ல கணக்குப் போட்டோம். இந்த வேகத்துல இன்னும் கொஞ்சம் கூடவே ஆகலாம், அதை மறைக்க வேண்டியதில்ல. ஒரு விரிப்பு மேசை ஆணியில மாட்டிக் கிழிஞ்சது, ஒட்டுப் போட்டாச்சு. அதுக்குக் காசு பிடிக்கல. ஆனா எடுக்கிறவங்க கையெழுத்துப் போடும்போது ஒவ்வொண்ணையும் விரிச்சுப் பார்த்து எடுங்க.

தகரப் பெட்டி சேவை மையத்துல இருக்கு, சாவி பொருளாளர் அக்காகிட்ட. தையில ரெண்டு தேதி பதிவாயிடுச்சு. மார்கழி முடியறதுக்குள்ள எல்லாத்தையும் ஒருதரம் வெயில்ல போட்டு எடுக்கணும், அதுக்கு ரெண்டு பேர் வேணும். கூட்டம் முடிஞ்சதும் பேர் கொடுங்க.