அடுப்படிக்கு வரும் முகமூடிகள்



கனடாவின் கிழக்குக் கோடியில் அட்லாண்டிக் கடலுக்குள் கிடக்கும் தீவு நியூஃபவுண்ட்லாந்து. 1986 ஆகஸ்டில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத் தமிழருக்கு முதலில் கைகொடுத்தவை இத்தீவின் மீன்பிடிப் படகுகள்தான். அங்குள்ள கிறிஸ்துமஸ் கால வழக்கம் ஒன்றைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. பெயர் மம்மரிங்.

லாப்ரடார் நீரோட்டம் வடதுருவப் பக்கத்துக் குளிரை இந்தக் கரைக்குக் கொண்டுவருகிறது. பனியோடு போகாது, தொட்ட இடத்தில் கண்ணாடியாய் இறுகும் உறைமழையும் பெய்யும். காட் மீன் பருவம் முடிந்து படகுகள் கரையேறிவிட்டால், அன்று சாலை எட்டாதிருந்த குடாக் கிராமங்களில் மனிதருக்கு மனிதரே பொழுதுபோக்கு.

டிசம்பர் 26 முதல் ஜனவரி 6 வரை, இருட்டியதும் கதவு தட்டப்படும். மம்மர்கள் உள்ளே வரலாமா என்று ஒரு விநோதக் குரல் கேட்கும். மூச்சை உள்ளிழுத்தபடியே பேசுவார்கள். அப்படிப் பேசினால் பெற்ற தாய்க்கும் குரல் பிடிபடாது. முகத்தில் தலையணை உறை அல்லது லேஸ் திரைத்துணி. ஆண் பாவாடை கட்டியிருப்பான்; பெண் மீனவரின் மழைக்கோட்டில் புகுந்திருப்பாள். முதுகில் தலையணை வைத்துக் கூன், கைக்கு உறை, காலுக்கு ஜோடி சேராத பூட்ஸ். சமையலறையில் அக்கார்டியன் ஒலிக்கத் தொப்புத் தொப்பென்று ஆடுவார்கள். வீட்டார் சீண்டுவார்கள், கிள்ளுவார்கள், நடையைப் பார்த்துப் பெயர் சொல்வார்கள். சரியாகச் சொல்லிவிட்டால் முகத்திரையை எடுத்தாக வேண்டும். பிறகு ரம்மும் பழக்கேக்கும்.

வேஷத்தைப் பார்த்தால் கந்தல்தான். அழகு என்று எதுவுமில்லை. கலை இருப்பது கண்டுபிடிப்பவரிடம். பக்கத்து வீட்டுக்காரரின் தோள் சாய்வும் இருமலும் அத்துப்படியாக இருக்கிற ஊரில்தான் இந்த ஆட்டம் நடக்கும். ஆண்டு முழுவதும் தெரிந்த மனிதரை ஓரிரவு அந்நியராக்கிப் பார்க்கும் துணிச்சலுக்காகவே இதை உயர்ந்த நாடகம் என்பேன்.

துணிச்சலுக்கு விலையும் உண்டு. 1860 டிசம்பர் 28 அன்று பே ராபர்ட்ஸ் என்ற ஊரில் ஐசக் மெர்சர் என்பவரை முகமூடிக் கும்பல் ஒன்று தாக்கிக் கொன்றது. மறு ஆண்டே, உரிமம் இல்லாமல் பொது இடத்தில் வேஷம் போடுவதைச் சட்டம் தடுத்தது. கிராமங்கள் கேட்டால்தானே! அடுப்படிகளில் ஆட்டம் தொடர்ந்தது.

சட்டத்தால் ஆகாததைக் காலம் செய்தது. 1954 தொடங்கி 1975 வரை அரசின் மறுகுடியேற்றத்தில் ஏறத்தாழ 300 கிராமங்கள் காலியாயின. 1992-இல் காட் மீன்பிடிப்புக்குத் தடை வந்தது. இளையவர்கள் பிழைப்புத் தேடிப் போனார்கள். நடுவில், 1983-இல் சிமானி என்ற இரட்டையர் வெளியிட்ட பாட்டு ஒன்று மம்மர்களை மீண்டும் பேசவைத்தது. 2009 முதல் தலைநகர் செயின்ட் ஜான்ஸில் விழாவும் ஊர்வலமும் நடக்கின்றன.

ஊர்வலம் வண்ணமயமானது, குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் தெருவில் யார் யாரைக் கண்டுபிடிப்பது? தெரியாதவர் முகத்தை மூடினாலென்ன, திறந்தாலென்ன! கனடாவில் இருக்கும் நேயர்கள் டிசம்பரில் அங்கே போக நேர்ந்தால் ஊர்வலத்தைப் பாருங்கள், வேஷமும் கட்டுங்கள். மம்மரிங் பார்த்துவிட்டோம் என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதீர்கள்; அதற்கு உங்களை அறிந்த ஒரு வீட்டின் அடுப்படி வேண்டும்.