திறக்காத மூடி
(நலச்சங்கக் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

பி.காம். படித்துவிட்டு வங்கியில் கணக்கு எழுதியவன் மண்ணைப் பற்றிப் பேசுவதா என்று நீங்கள் நினைக்கலாம். போன மாதம் என் வீட்டு மழைநீர்க் குழியைத் திறந்து பார்த்தேன். அதனால்தான் பேசுகிறேன்.

மேஜையில் அடியில் ஓட்டை போட்ட இரண்டு பாட்டில்கள் இருக்கின்றன. ஒன்றில் ஆற்று மணல், இன்னொன்றில் களிமண். கூட்டம் தொடங்கும்போது இரண்டிலும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். மணலில் ஊற்றியது கிண்ணத்துக்கு வந்துவிட்டது. களிமண்ணில் ஊற்றியது மேலேயே நிற்கிறது. களிமண்ணுக்குள் இடமில்லை என்று எண்ணாதீர்கள். பொதுவாக மணலைவிட அதில்தான் மொத்த இடைவெளி அதிகம். ஆனால் ஒவ்வொரு துளையும் மிக நுண்ணியது. தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், விடாது. (கஜானா நிறையப் பணம் இருந்தும் ஒரே ஒரு கவுண்டர் திறந்திருக்கும் கிளை மாதிரி!) பருமணலில் ஒரே நாளில் பல மீட்டர் இறங்கும் தண்ணீர், கெட்டிக் களிமண்ணில் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் இறங்கினாலே பெரிது.

கம்பரசம்பேட்டையில் காவிரி மணலுக்குள் கிணறு இறக்கி நம் ஊருக்குக் குடிநீர் எடுப்பதும் மணலின் இந்தக் குணத்தை நம்பித்தான்.

2003-இல் அரசு எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. நானும் குழி தோண்டி, ஜல்லி கொட்டி, மேலே மணல் பரப்பினேன். அதோடு மூடியைத் தூக்கவே இல்லை. இப்போது பார்த்தால் மணல்மேல் நாலு விரல் கனத்துக்கு வண்டல். மாடித் தூசியும் வேப்பஞ்சருகும் மக்கிப் பசையாகிவிட்டன. ஒரு குடம் ஊற்றினேன். அரை மணி நேரம் அப்படியே நின்றது.

ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர். அவ்வளவும் என் குழியில் இறங்காமல் தெருவுக்குத்தான் ஓடியிருக்கிறது. தெருக்கோடி வீட்டம்மா மழைக்கு மழை வாசலில் தண்ணீர் தேங்குகிறது என்பார்கள். சாக்கடை சரியில்லை என்று நானும் சேர்ந்து சொல்வேன். அம்மா, என் வீட்டுத் தண்ணீரும் அதில் உண்டு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

மேல்மணலை ஒரு சாண் அள்ளிவிட்டுப் புது மணல் போட்டேன். அதே குடம் தண்ணீர் இப்போது நிற்கவே இல்லை, உடனே இறங்கிவிடுகிறது. முதல் மழையைக் குழிக்குள் விடாமல் வெளியே திருப்பக் குழாயில் ஒரு மூடியும் வைத்திருக்கிறேன். வாசல் முழுக்க சிமெண்ட் பூச நினைப்பவர்கள் மதிலோரம் இரண்டடி மண்ணாவது விட்டு வையுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் உங்கள் வீட்டு மூடியையும் திறந்து பாருங்கள். கடப்பாரையும் மண்வெட்டியும் என் வீட்டில் இருக்கின்றன. ஞாயிறு காலை வந்தால் நானும் கூட வருகிறேன்.