எந்தப் பொருநை?

(தூத்துக்குடியில் ஆற்றிய உரை)



முத்துக் குளித்த கடற்கரையிலே நின்று ஆற்றைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. மூவேந்தர் வீரம் பேசப்படாத கூட்டம் நம்மிடையே இல்லை. பேசுக! ஆனால், களம் எது, களத்தை அடுத்து ஓடிய ஆறு எது என்பதை அறிந்து பேசுக என்பதே என் வேண்டுகோள்.

பொருநை என்றதும் நினைவுக்கு வருவது எது? பொதிகையிலே பிறந்து, நெல்லையை வளப்படுத்தி, இதோ புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணி! ஆனால், புறநானூற்றின் 36ஆம் பாட்டைப் பாருங்கள். சோழன் கிள்ளிவளவன் கருவூரை முற்றுகையிடுகிறான். மரங்கள் வெட்டப்படும் ஓசை கேட்டும் கோட்டைக்குள் இருக்கும் அரசன் வெளியே வரவில்லை. அத்தகையவனோடு பொருவது நாணத்தக்கது என்று ஆலத்தூர் கிழார் இடித்துரைக்கிறார். அப்பாட்டில் வரும் ஆறு ஆன்பொருநை. கரூரைத் தழுவி ஓடும் இன்றைய அமராவதி. ‘ஆன்’ என்பதை விட்டுவிட்டுப் பொருநை என்று மட்டும் முழங்கினால் என்னாகும்? சோழன் படை ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தெற்கே வந்துவிடும். கருவூர் முற்றுகை பாண்டிய நாட்டுப் போராகிவிடும்!

தாமிரபரணியும் ஒன்றன்று. குமரி மாவட்டத்துக் குழித்துறை ஆற்றுக்கும் அதுவே பெயர். 1741இல் மார்த்தாண்டவர்மர் டச்சுக்காரரை வென்ற குளச்சல் அப்பகுதியிலேதான் இருக்கிறது. அந்நாட்டு வரலாற்றில் தாமிரபரணி என்று கண்டவர், டச்சுப் படையைத் திருநெல்வேலியிலே தேடலாமோ?

இந்தக் கடற்கரையின் கதையும் அதுவே. 1538இல் போர்ச்சுகீசியத் தளபதி மார்ட்டிம் அபோன்சோ தெ சூசா, பட்டு மரைக்காரின் படையை முறியடித்த இடம் மண்டபத்தை அடுத்த வேதாளை. போர்ச்சுகீசியர் ஏட்டிலோ அது ‘பெயாதலா’! நம் ஊர்ப்பெயரை நாம் அறியாதிருந்தால், அந்நியர் நாவில் உருமாறிய பெயரைச் சுமந்துகொண்டு ஊர் தேடி அலைவோம்.

நிலப்படத்தை விரித்தால் போதாதோ என்பீர்கள். போதாது! பாண்டியரின் துறைமுகமாம் கொற்கை, இன்று கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே அமைந்த சிற்றூர். தாமிரபரணி கொணர்ந்து குவித்த வண்டல் கடலைத் தள்ளிற்று. துறைமுகம் கொற்கையை விட்டுக் காயலுக்கும், பின்னர்ப் புன்னைக்காயலுக்கும், அதன்பின் தூத்துக்குடிக்கும் பெயர்ந்தது. இன்றைய படத்தை வைத்து அன்றைய கடற்போரை விளக்குவோர், கப்பலை வயலிலேதான் ஓட்டவேண்டும்!

ஏன் இத்தனை வற்புறுத்தல்? நமது வரலாறே கட்டுக்கதை என்று எள்ளி நகையாடக் காத்திருப்போர் உண்டு. ஆற்றின் பெயரில் ஒரு பிழை கிடைத்தால், போரே நடக்கவில்லை என்பர். அரசனே இருந்ததில்லை என்பர். உண்மை நம் பக்கம் இருக்கையில், பிழையெனும் வாளை நாமே தீட்டி அவர்கள் கையில் கொடுப்பதா?

எனவே தோழர்களே, மேடை ஏறுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த ஆறு? அன்று அதற்கு என்ன பெயர்? அன்று கரை எங்கே இருந்தது? விடை கிடைத்தபின் முரசு கொட்டுங்கள். அந்த முழக்கத்தை மறுக்க எவராலும் இயலாது!