கழுத்தில் மருவும் உள்ளங்காலில் மச்சமும்

(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் என்னைப் பேசச் சொன்னதற்குக் காரணம் என் கழுத்துதான். அங்கே 11 மருக்கள் இருந்தன, இப்போது இல்லை. லிஃப்டில் பார்த்தவர்கள் எல்லாம் "எங்கே எடுத்தீங்க சார், எவ்வளவு ஆச்சு?" என்று கேட்கிறார்கள். ஆளாளுக்குத் தனியாகச் சொல்வதைவிட இங்கேயே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நான் பி.காம். படித்து வங்கியில் பேரேடு பார்த்தவன், மருத்துவன் அல்ல. டாக்டரிடம் கேட்டதையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும்தான் சொல்கிறேன்.

நாம் தோலில் எது முளைத்தாலும் மரு, பாலுண்ணி என்று சொல்லிவிடுகிறோம். டாக்டருக்கு ஒவ்வொன்றும் தனிக் கணக்கு. கழுத்திலும் அக்குளிலும் சின்னக் காம்பு வைத்துத் தொங்குவது ஒன்று. வயதானால் முதுகிலும் நெற்றியிலும் மெழுகு ஒட்டியதுபோலப் பழுப்பாகத் தடித்து நிற்பது இன்னொன்று. நம் பெண்களுக்குக் கன்னத்தில் கடுகு தெளித்ததுபோல வருவதும் ஏறக்குறைய அந்த இனம்தான். இவை ஒட்டாது, பரவாது. கையில் காலில் சொரசொரப்பாக வரும் மரு மட்டும் வைரஸால் வருவது, அது பரவும். அடுத்தவர் ரேசரைத் தொடாதீர்கள். வைரஸ் மரு பல பேருக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே உதிர்ந்துவிடும். வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பும் மிளகும் போட்டுவிட்டு வந்து காத்திருப்பதில் உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை.

கெடுதல் சுண்ணாம்பில் இருக்கிறது. சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து மருவின் மேல் வைக்கும் வழக்கம் இன்னும் நம் வீடுகளில் உண்டு. இரண்டும் ஈரத்தில் சேர்ந்தால் உண்டாவது காஸ்டிக் சோடா. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாட்டுத் தோலிலிருந்து மயிரை உதிர்க்கவே அதைச் சுண்ணாம்பில் ஊறப்போடுகிறார்கள். அதையா நம் கழுத்தில் வைப்பது? மரு போனாலும் போகும், குழியும் தழும்பும் நிற்கும். சர்க்கரை உள்ளவருக்குப் புண் ஆறாது.

சர்க்கரை என்றதும் ஒன்று. என் கழுத்தைப் பார்த்த டாக்டர் முதலில் எழுதிக்கொடுத்தது மருவுக்கு மருந்து அல்ல, மூன்று மாதச் சராசரி சர்க்கரைப் பரிசோதனை. கழுத்தில் தொங்கும் மருவும், கழுத்துத் தோல் கறுத்து வெல்வெட் மாதிரி தடிப்பதும் சேர்ந்து இருந்தால், உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அடையாளமாக இருக்கலாமாம். வீட்டில் பிள்ளைகள் கழுத்து கறுத்திருந்தால் "சரியாகத் தேய்த்துக் குளி" என்று திட்டுவதை விட்டுவிட்டு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

இனி எடுத்த கதை. மரத்துப்போகும் க்ரீமைத் தடவி முக்கால் மணி நேரம் உட்காரவைத்தார்கள். பிறகு மின்சார ஊசிமுனையால் ஒவ்வொன்றாகச் சுட்டு எடுத்தார்கள். சுருக் என்று இருந்தது, முடி கருகும் வாசனை வந்தது, 20 நிமிடத்தில் முடிந்துவிட்டது. வைரஸ் மருவாக இருந்தால் திரவ நைட்ரஜனால் உறையவைத்தும் எடுப்பார்களாம். அதன் குளிர் மைனஸ் 196 டிகிரி. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டர் கேட்காவிட்டாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

ஆனால் முதுகில் இருந்த கறுப்பு ஒன்றை மட்டும் அவர் சுடவில்லை. லென்ஸ் வைத்து நெடுநேரம் பார்த்தார். "இது மருதான் என்று நினைக்கிறேன், ஆனாலும் சுட்டுவிட்டால் பரிசோதிக்க எதுவும் மிஞ்சாது" என்று சொல்லி, ஊசி போட்டுச் செதுக்கி எடுத்து, ஃபார்மலின் குப்பியில் போட்டு லேபுக்கு அனுப்பினார். ஒரு வாரம் கழித்து சாதாரண மரு என்றே ரிப்போர்ட் வந்தது. அந்த ஒரு வாரம் எனக்குத் தூக்கம் வரவில்லை என்பது வேறு விஷயம். மொத்தச் செலவில் உருப்படியான செலவு அந்தக் குப்பிக்குக் கொடுத்ததுதான் என்பேன். பார்லரில் எடுத்தாலும், வீட்டில் முடியால் கட்டி அறுத்தாலும் அந்தக் குப்பி கிடையாது.

ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்? மாநிறத்தவருக்கும் கறுப்பு நிறத்தவருக்கும் தோல் புற்றுநோய் குறைவு என்பது உண்மை. ஆனால் மெலனோமா என்ற கொடிய வகை நம்மைப் போன்ற நிறத்தவருக்கு வரும்போது உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும்தான் அதிகம் வருகிறது. யாரும் பார்க்காத இடம்! ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு அது கால் விரல் நகத்தடியில் வந்தது. முதலில் கால்பந்து ஆடியபோது பட்ட அடி என்றே நினைத்தார். 1981-இல் இறந்தபோது அவருக்கு வயது 36. புதிதாக வந்த கறுப்பு, வளரும் மச்சம், ஓரம் கோணலானது, நிறம் மாறுவது, ரத்தம் கசிவது, ஆறாத புண், இவற்றில் எதுவாக இருந்தாலும் பார்லர் பக்கமே போகாதீர்கள்.

பாதத்தைப் பார்ப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் தொழுநோயால் உணர்வு போனவர்களுக்குத் தினமும் பாதத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். இன்று சர்க்கரைக்காரர்கள் போடும் எம்.சி.ஆர். செருப்பு அந்த வேலையில் பிறந்ததுதான். கரிகிரி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் வட்டாரத்தில் இருந்துகொண்டு நம் உள்ளங்காலை நாம் பார்ப்பதில்லை.

எங்கே எடுப்பது என்பதற்கும் ஒரு வார்த்தை. 2016-இல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர் உடல்நிலை மோசமாகி, நம் வேலூர் சி.எம்.சி.யில் இறந்தார். சிகிச்சை நடந்த இடத்துக்கு இருந்தது அழகு நிலைய உரிமம்தான் என்று பத்திரிகைகளில் வந்தது. மருத்துவ மாணவருக்கே இந்தக் கதி. தமிழ்நாட்டில் 1997 சட்டப்படி கிளினிக்குகள் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழ் எங்கே என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். அடகு வைக்க வந்தவரிடம் நாங்கள் எத்தனை காகிதம் கேட்டிருப்போம்!

பணம்: ஒரு மருவுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. ஆகவே எண்ணி, எழுதி வாங்கிக்கொண்டு படுங்கள். அழகுக்காக எடுப்பதற்கு மெடிக்ளெய்ம் கிடையாது. பாலிசியின் விலக்குப் பட்டியலைப் பாருங்கள். சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அழகு அறுவைக்கு உண்டு. அதனால் பில்லில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். சந்தேகத்துக்காக எடுத்ததென்றால் டாக்டர் சீட்டும் லேப் ரிப்போர்ட்டும் பத்திரமாக இருக்கட்டும்.

எடுத்த பிறகு பக்கு தானாக உதிரும்வரை கை வைக்கக் கூடாது. நம் நிறத்துக்குக் கறுப்புத் தழும்பு விழுவது சகஜம், மறைய மாதங்கள் ஆகும். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? சந்தேகமில்லாத மருவென்றால் சித்திரை, வைகாசியை விட்டு ஐப்பசிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமானது என்றால் நாளைக்கே போங்கள். மேலும் கேட்க வேண்டுமானால் மாலை ஆறு மணிக்கு மேல் பி பிளாக் பெஞ்சில் இருப்பேன். கிளினிக் பெயரை மட்டும் கேட்காதீர்கள், சங்கச் செய்தி மடலில் விளம்பரம் போடக் கட்டணம் உண்டு என்று பொருளாளர் சொல்லியிருக்கிறார்.